தண்ணி கேட்டு நிற்பதும் ஒரு நோய்தானா?

ஈரோட்டு வாசகர் ஒருவர் கேட்டது, மார்ச் 11, 2025

"தண்ணி பத்தலைன்னா எஞ்சினியரைக் கேக்கலாம். வயித்தால போச்சுன்னா டாக்டரைக் கேக்கலாம். நடுவுல மானிடவியல்காரங்களுக்கு என்ன வேலைங்க? தண்ணி இல்லாதவங்களோட வெட்கத்தையும் மானக்கேட்டையும் வருசக்கணக்கா ஆராய்ச்சி பண்ணுன ஒரு அம்மாவுக்கு அமெரிக்காவுல பெரிய பரிசு குடுத்தாங்கன்னு படிச்சேன். வீட்டுக்கு வீடு குழாய் போட்டுத் தண்ணி விட்டா வெட்கம் தன்னால போயிருது. இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?"

மார்ச் 11, இரவு

அந்த அம்மா பெயர் ஆம்பர் வூட்டிச். அமெரிக்காவின் அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகத்தில், மனுசர்கள் வாழ்கிற விதத்தை ஆராயும் மானிடவியல் துறைப் பேராசிரியர். 2023இல் மெக்ஆர்தர் ஃபெலோஷிப் என்ற அந்தப் பரிசைக் கொடுத்தார்கள். பரிசு கிடக்கட்டும், அவர் என்ன கண்டார் என்று முதலில் சொல்கிறேன்.

பொலிவியாவில் கோச்சபாம்பா என்று ஒரு நகரம். தண்ணீரைத் தனியார் கையில் கொடுத்து விலை ஏற்றியதை எதிர்த்து 2000இல் ஊரே தெருவுக்கு வந்து ஒப்பந்தத்தை ரத்து செய்ய வைத்த இடம். அதன் தெற்கு ஓரத்தில் வில்லா இஸ்ரேல் என்ற, பட்டா இல்லாத ஜனங்கள் வாழும் குடியிருப்பு. அங்கே 72 குடும்பத்தாரிடம் பேசி, 2008இல் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதன் முடிவு இது: மனசு நொந்துபோவது தண்ணி குறைவாக இருப்பதால் வருவதைவிட, வாங்குகிற விதத்தால்தான் வருகிறது. இன்னாருக்கு இவ்வளவு, இன்ன நேரத்தில் என்று ஒரு முறை இல்லாத இடத்தில் ஒவ்வொரு தடவையும் பேசி, கெஞ்சி, கடன் சொல்லி வாங்க வேண்டியிருக்கிறதே, அது ஆளைத் தின்றுவிடுகிறது.

நான் கிராம சுகாதார செவிலியர். பல்லடம், காங்கேயம் பக்கம் 22 வருசமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். இதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன். விடிந்தால் புதன், தடுப்பூசி நாள்.

மார்ச் 12, சாயங்காலம்

1998. கல்யாணமாகித் திருப்பூரில் லைன் வீட்டுக்கு வந்தேன். நர்சிங் படிப்பு முடித்துவிட்டு, வேலைக்கு ஆர்டர் வராமல் இருந்த காலம். எட்டு வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு மோட்டார். மோட்டார் சுவிட்சு வீட்டுக்காரம்மா சமையல்கட்டில் இருந்தது. எட்டு நாளைக்கு ஒருக்கா நல்ல தண்ணி. வீட்டுக்குப் பன்னிரண்டு குடம் கணக்கு. ஒரு தடவைகூட அந்தப் பன்னிரண்டு குறைந்ததில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் தண்ணி விடுகிற நாளுக்கு முந்தின ராத்திரி எனக்குத் தூக்கம் வராது.

குடங்களை முந்தின நாளே வரிசையில் வைத்துவிடுவோம். மாறிப்போகாமல் இருக்க என் குடங்களின் கழுத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டிருந்தேன். வீட்டுக்காரம்மா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று வாய்விட்டு எண்ணுவார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நிறைந்ததும் குடத்தை இழுத்துவிட வேண்டும். குழாய் வாயில் சொட்டுவது அடுத்த வீட்டுக் கணக்கு.

பெரியவளுக்கு ஒன்றரை வயசில் வயிற்றுப்போக்கு வந்தது. துணி அலசி மாளவில்லை. இன்னும் ரெண்டு குடம் கேட்கலாம் என்று வீட்டுக்காரம்மா வாசல்படி வரை போனேன். போன வாரம் ஓரம்பரை வந்திருந்தபோது ஒரு குடம் அதிகம் கேட்டிருந்தேன். "இருக்கறதுல குடும்பம் பண்ணத் தெரியோணும் அம்மிணி" என்று சொல்லித்தான் கொடுத்தார். திட்டு ஒன்றும் கிடையாது. எட்டு வீட்டுப் பெண்களும் கேட்க, சத்தமாகச் சொன்னார், அவ்வளவுதான். அது ஞாபகம் வந்ததும் படியிலிருந்தே திரும்பிவிட்டேன்.

போர்த் தண்ணியில் துணி அலசினேன். உப்புச் சர்க்கரைக் கரைசலுக்குக் குடத்தின் அடியில் கிடந்ததை வடிகட்டி எடுத்தேன். காய்ச்சி ஆறின தண்ணியில்தான் கலக்க வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அவசரத்தில் அதைக் காய்ச்சக்கூட இல்லை. மூன்றாம் நாள் குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டி வந்தது.

டாக்டர் சீட்டில் "வயிற்றுப்போக்கு, நீரிழப்பு" என்று எழுதியிருந்தது. படியேறிப் போனவள் ஏன் கேட்காமல் திரும்பினாள் என்பதற்கு அந்தச் சீட்டில் இடம் கிடையாது. ஈரோட்டுக்காரர் கேட்டாரே, இவர்களுக்கு என்ன வேலை என்று. அந்தப் படிக்கட்டில் நடந்ததை விசாரிப்பதுதான் அவர்கள் வேலை.

மார்ச் 13

இல்லாதவரை மட்டமாகப் பார்ப்பதை ஆங்கிலத்தில் ஸ்டிக்மா என்கிறார்களே, அதைக் "களங்கம்" என்று எழுதலாமே என்கிறார் கரூர்க்காரர் ஒருவர். எனக்கு ஒட்டவில்லை. களங்கம் என்றால் கறை அந்த ஆள் மேலேயே இருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. நம்ம பக்கம் "இளக்காரம்" என்போம். அது பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது. நான் இளக்காரம் என்றே எழுதுகிறேன்.

நம் பேச்சிலேயே இது ஊறிக் கிடக்கிறது. ஆபீசில் ஒருத்தரைப் பயமுறுத்த என்ன சொல்வார்கள்? "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்." அந்தக் காட்டிலும் மனுசர்கள் குடியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

தண்ணி இருக்கிறதா இல்லையா என்ற கவலையை அளக்க வூட்டிச் 12 கேள்விகள் வைத்திருக்கிறார். அதை அப்புறம் எழுதுகிறேன்.

மார்ச் 15, ராத்திரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

2017, டெங்கு காய்ச்சல் பரவிய வருசம். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களோடு நானும் வீடு வீடாகப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு லைன், ஆறு வீடு. அங்கே தண்ணி பதினைந்து நாளைக்கு ஒருமுறை. கடைசி வீட்டில் ஒரு அம்மா, கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. வாசலில் ஐந்து நீல டிரம். சாயப்பட்டறைக்குக் கெமிக்கல் வருகிற இருநூறு லிட்டர் டிரம்மை வாங்கிக் கழுவி வைத்திருந்தார். மூடி இல்லை.

டார்ச் அடித்தேன். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும். கொஞ்சம் பொறுத்தால் மூச்சு விட மேலே வரும். அந்த டிரம்மில் கொத்தாக வந்தன.

தெருவே நின்று பார்க்க, "மனுசங்க குடியிருக்கற வீடா இது? உன்னொருத்தியால ஊருக்கே காய்ச்சல்" என்று கத்தினேன். பணியாளர்களை விட்டு ஒரு டிரம்மைச் சாய்க்கச் சொன்னேன். இருநூறு லிட்டரும் சாக்கடையில் ஓடியது. அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அபராத நோட்டீஸும் போனது.

ரெண்டு வாரம் கழித்துப் போனோம். வாசல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, ஒரு டிரம் இல்லை. ரிஜிஸ்டரில் "புழு இல்லை" என்று நானே எழுதினேன். நம்ம சத்தத்துக்குப் பலன் கிடைத்தது என்று சந்தோசமாகக்கூட இருந்தது. அதே லைனில் அந்த மாசமே ரெண்டு குழந்தைக்குக் காய்ச்சல்.

பொங்கல் சமயத்தில்தான் விசயம் தெரிந்தது. டிரம் எங்கேயும் போகவில்லை. பொடக்காலியில், ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால், சாக்குப் போட்டு மறைத்து வைத்திருந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்து மூணு வீட்டிலும் அப்படியே. ஏடிஸ் கொசுவுக்கு நிழலும் இருட்டும்தான் வேண்டும். முட்டையைத் தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவிடும். தண்ணி வற்றினாலும் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணி ஏறினால் பொரிக்கும். அதனால்தான் வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறோம். வாசலில் இருந்த டிரம்மையாவது நாங்கள் பார்த்தோம். ஒளித்து வைத்த டிரம்மை யார் தேய்ப்பார்கள்?

அந்தத் தெருப் பிள்ளைகள் அதன் பிறகு அந்த வீட்டைப் "புழு வீடு" என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெயரை வைத்தது நான்.

மார்ச் 16

கோபிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் எழுதுகிறார்: "நாலு பேர் முன்னால ரெண்டு வார்த்தை சொன்னாத்தான் ஜனங்க திருந்துவாங்க. உங்க அனுபவம் ஒண்ணை வெச்சு எல்லாத்தையும் தப்புன்னு சொல்லாதீங்க."

இதே எண்ணத்தில் ஒரு பெரிய இயக்கமே நடந்தது. 2000 வாக்கில் வங்கதேசத்தில் கமல் கர் தொடங்கிய முறை. ஊர் ஜனங்களை அவர்கள் வெளியே போகிற இடத்துக்கே நடத்திக் கூட்டிப்போய், அருவருப்பும் வெட்கமும் வர வைத்து, கக்கூஸ் கட்ட வைப்பது. பல நாட்டுக்குப் பரவியது. நம் நாட்டில் விடியற்காலையில் விசில் ஊதுவது, டார்ச் அடிப்பது என்று அதன் சாயலில் நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். வூட்டிச்சும் அவருடன் வேலை செய்கிற அலெக்ஸாண்ட்ரா புரூயிஸும் பல நாடுகளில் கேட்டறிந்து சொல்வது: வெட்கப்படுத்தினால் கட்ட முடிந்தவன் கட்டிவிடுவான். கையில் காசும் இடமும் தண்ணியும் இல்லாதவனுக்கு வெட்கம் மட்டும் மிஞ்சும். அது அவனை இன்னும் ஒதுக்கும்.

ஆசிரியர் அய்யா, உங்கள் பள்ளியிலேயே பாருங்கள். கக்கூஸில் தண்ணி இல்லை என்பதால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணி குடிக்காமல் இருக்கிற பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள். நீர்க்கடுப்போடு என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலர் சொல்வது அதைத்தான்.

மார்ச் 19

திருத்தம். 12 கேள்விகளை வூட்டிச் வைத்தார் என்று 13ஆம் தேதி எழுதினேன். அது அவர் ஒருவர் வேலை இல்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் செரா யங் முன்னின்று, வூட்டிச் உட்படப் பலர் சேர்ந்து, 23 நாடுகளில் 28 இடங்களில் 8,127 வீடுகளில் கேட்டுச் சரிபார்த்து 2019இல் வெளியிட்டது.

எத்தனை லிட்டர் என்று அதில் ஒரு கேள்விகூட இல்லை. கடந்த நாலு வாரத்தில் தண்ணி வருமா என்று கவலைப்பட்டீர்களா, துணி துவைக்க முடியாமல் போனதா, சமையலை மாற்றினீர்களா, கை கழுவாமல் விட்டீர்களா, தாகத்தோடு படுத்தீர்களா, தண்ணியால் கோபம் வந்ததா, வெட்கப்பட்டீர்களா, இப்படிப் போகிறது. இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், அடிக்கடி அல்லது எப்போதும் என்றால் மூன்று. மொத்தம் 36. பன்னிரண்டும் அதற்கு மேலும் வந்தால் அந்த வீட்டில் தண்ணி நிச்சயமில்லை என்று கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு லைனில் வேப்பமரத்தடியில் ஏழு பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். துணி, சமையல், கோபம் எல்லாவற்றுக்கும் போட்டி போட்டுக்கொண்டு பதில். கடைசிக் கேள்விக்கு வந்தேன். தண்ணியால் வெட்கப்பட வேண்டி வந்ததா? ஏழு பேரும் "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்" என்றுவிட்டார்கள். ஒருத்தி புல்லைக் கிள்ள ஆரம்பித்தாள்.

வண்டியை எடுக்கும்போது அவள் பின்னாலேயே வந்தாள். "நர்சக்கா, போன வாரம் பாப்பாளுக்கு யூனிபார்ம் தொவைக்க முடியல. ரெண்டு நாளைக்கு வவுத்து வலின்னு லீவு லெட்டர் எழுதிக் குடுத்தனுங்க. அதுவும் இந்தக் கணக்குல வருங்களா?"

வரும் என்றேன். அந்தத் தாளில் அவள் வீட்டுக்கு நேரே ஏற்கெனவே பூஜ்யம் போட்டிருந்தேன். கூட்டத்தில் வைத்துக் கேட்கக் கூடாத கேள்வியைக் கூட்டத்தில் கேட்டது என் தப்பு. மற்ற ஆறு பூஜ்யத்தையும் இனி நம்ப மாட்டேன்.

மார்ச் 20

இன்று மார்ச் 20. 1927இல் இதே நாளில்தான், ஒடுக்கப்பட்டவர்கள் தொடக் கூடாது என்றிருந்த மகாராஷ்டிரத்து மகாடு ஊர்ச் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணி அள்ளிக் குடித்தார். காலையிலிருந்து என் மனசு அம்மாயி தோட்டத்துக் கிணற்றடியிலேயே நிற்கிறது.

12ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். கேட்டு நின்றவளாகத்தான் என்னை எழுதியிருக்கிறேன். ஊற்றியவளாக எழுதவில்லை.

குண்டடம் பக்கம் அம்மாயி வீடு. கோடையில் வளவிலிருந்து அருந்ததியர் பெண்கள் தோட்டத்துக்குத் தண்ணிக்கு வருவார்கள். கிணற்றுமேட்டில் ஏறக் கூடாது. கீழே வேலியோரம் குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது கவனித்து, மனசு வந்து, சேந்தி ஊற்றுகிற வரை நிற்க வேண்டும். லீவுக்குப் போனால் நான்தான் ஊற்றுவேன், எட்டு வயசு. வாளி குடத்து வாயில் படாமல் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும் என்று அம்மாயி சொல்லிக் கொடுத்திருந்தார். உயரத்திலிருந்து விழுகிற தண்ணிக்கு ஒரு சத்தம் உண்டு. வெறும் குடத்தில் முதலில் டமாரம் மாதிரி, நிறைய நிறைய சன்னமாக.

ஒருநாள் கை நடுங்கித் தண்ணி குடத்து விளிம்பில் பட்டு என் பாவாடையில் தெறித்தது. அந்தப் பெண், என் அம்மாவைவிட மூத்தவர், அவரை நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், பதறிப்போய் ரெண்டு எட்டுப் பின்னால் போனார். "அம்மிணி, ஆத்தாகிட்டச் சொல்லிறாதீங்க" என்றார். தண்ணி தெறித்தது என் கையால். பயந்தது அவர்.

அம்மாயி யாருக்கும் தண்ணி இல்லை என்று சொன்னதில்லை. தர்மம் என்று நினைத்துத்தான் கொடுத்தார். வந்த குடம் எல்லாம் நிறைந்துதான் போனது. லிட்டர் கணக்குப் போட்டால் அந்த வளவில் பஞ்சமே இல்லை.

அரசியலமைப்பின் 15ஆவது கூறு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே சாதி பார்க்கக் கூடாது என்கிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கிறவை, பொதுவுக்கு விட்டவை மட்டுமே அதில் வரும். எங்களுடையது சொந்தக் கிணறு.

வீட்டுக்காரம்மா ஜன்னலில் நின்று எண்ணியதை 27 வருசமாக மனசில் வைத்திருக்கிறேன். இந்தப் பெண்ணின் முகத்தை நேற்று வரை நினைக்கவே இல்லை.

மார்ச் 22

சின்ன விசயம். நம்ம ஊரில் ஓரம்பரை வந்தால் "வாங்க" சொன்ன கையோடு சொம்பில் தண்ணி. அப்புறம்தான் பேச்சு. உப்புத் தண்ணி ஊர்களில் சொம்பு வராது. பையன் கடைக்கு ஓடிக் கலர் வாங்கி வருவான். பணத் திமிரில் கலர் கொடுக்கிறார்கள் என்று சின்ன வயசில் நினைத்தேன். தங்கள் வீட்டுத் தண்ணியை ஒருத்தர் வாயில் வைத்து முகம் சுளிப்பதைப் பார்க்க முடியாமல் செய்கிற செலவு அது.

மார்ச் 24

ஈரோட்டுக்காரர் மறுபடியும் கேட்கிறார், அப்படியானால் குழாய் வேண்டாமா என்று. வேண்டும். கட்டாயம் வேண்டும். ஒரு திட்டத்தையும் நான் குறை சொல்லவில்லை. காவிரித் தண்ணி வந்ததால்தான் திருப்பூர் பிழைத்தது. சாயத்தண்ணியால் நொய்யல் ஆறு போன பிறகு, அதன் குறுக்கே இருக்கிற ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கிக் கெட்டது எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணி போகிறது. வீட்டுக்கு வீடு குழாய் போடும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று 2019 முதல் இலக்கு வைத்து வேலை நடக்கிறது.

நான் கேட்பது அதற்கு மேல் ஒன்று. என் ஏரியாவில் ஒரு ஊர். அங்கே டேங்க் ஆப்ரேட்டர் தண்ணி விடுகிற நேரம் அவருக்கு மட்டும் தெரியும். வேண்டியவர்களுக்குப் போன் பண்ணிச் சொல்வார். வார்டு மெம்பர் பெண் ஒருவர் சண்டை போட்டு, எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை எத்தனை மணி என்று டேங்க் சுவரில் பெயின்டால் எழுத வைத்தார். தண்ணி அதே அளவுதான். வாரம் ரெண்டு குழாயடிச் சண்டைக் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன், அந்த எழுத்து வந்த பிறகு ஒன்றும் வரவில்லை. பெண்கள் ராத்திரி தூங்குகிறார்கள். வில்லா இஸ்ரேலைப் பற்றி வூட்டிச் எழுதியதை அந்தச் சுவரில் பார்த்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

"புழு வீடு" என்றேனே, அந்த அம்மாவைத் தேடிப் போனேன். அதே லைன், அதே கடைசி வீடு. பிசிறு வெட்டப் போவதில்லை, கண் மங்கிவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து பொடக்காலிக் கதவைச் சாத்தினார். எட்டு வருசம் கழித்தும் கை முதலில் அங்கேதான் போனது.

பரிசோதனைக்கு வரவில்லை என்றேன். அன்றைக்குத் தெருவில் வைத்துப் பேசியது தப்பு என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"பேசுனது போவுது நர்சம்மா. நீங்க கொட்டுன டிரம்ல நாலு கொடம் பக்கத்து ஊட்டுல கடனா வாங்குனது. அந்த நாலு கொடத்தைத் திருப்பிக் குடுக்கறதுக்குள்ள நாம் பட்ட பாடு."

தண்ணியைக் கடன் வாங்கியிருப்பார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் அவராகவே கதவைத் திறந்துவிட்டார். நாலு டிரம் இருக்கிறது. இப்போது தண்ணி ஆறு நாளைக்கு ஒருமுறை. மூடி கிடைக்கவில்லை, சாக்குத்தான் போட்டிருக்கிறார். சாக்கில் கொசு புகும். நெருக்கமாக நெய்த துணியை வாயில் இழுத்துக் கட்டி, பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி மாட்டினால் போதும், துணி தண்ணியில் தொங்காமல் இருக்க வேண்டும். தேய்க்கத் தேங்காய் நார் இருக்கிறது, குனிந்து தேய்க்கத்தான் அவரால் முடியவில்லை. தண்ணி தீருகிற நாள் செவ்வாய் என்றார்.

டிரம் வாயை முழம் போட்டு அளந்துகொண்டு வந்தேன். வீட்டில் என் வீட்டுக்காரருடைய பழைய நாலு முழ வேட்டி ரெண்டு கிடக்கிறது, நாலு மூடிக்குத் தாராளம். ட்யூபுக்குப் பஞ்சர் கடையில் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தண்ணி திறப்பதற்கு முன்னால் போய்த் தேய்த்துக் கொடுத்துவிட்டுக் கட்டிவிட்டு வர வேண்டும்.